அலாஸ்கா காட்டுவழிகளில் கரடிக்கு எதிரான கைத்துப்பாக்கி: புதிதாக வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

வேலைக்காகவோ படிப்பதற்காகவோ அலாஸ்காவுக்கு வந்து சேரும் தமிழர்களில் பலர், முதல் கோடை முடிவதற்குள் மலையேறப் பழகிவிடுகிறார்கள். ஆங்கரேஜின் கடைசித் தெருவைத் தாண்டினாலே சுகாச் மலைகள் தொடங்கிவிடுகின்றன. கீனாய் தீபகற்பத்தின் சால்மன் ஆறுகளோ சில மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கின்றன. இந்த இடங்கள் அனைத்திலும் கருங்கரடியும் பழுப்புக் கரடியும் நடமாடுகின்றன. எனவே உடன் வேலை செய்பவர் யாராவது இடுப்பில் துப்பாக்கியோடு மலையேறுவதைப் பார்த்ததும், நாமும் ஒன்று வாங்கிக்கொள்ளலாமா என்ற எண்ணம் இயல்பாகவே வருகிறது.

அந்த எண்ணத்தோடு கடைக்குப் போனால் அங்கே பேச்செல்லாம் தோட்டாவின் பருமனைப் பற்றியதாகவே இருக்கும். நம்மைப் போன்றவர்கள் அதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டிய விசா, முகவரி, பெயர் ஆகிய சிக்கல்களைப் பற்றி என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. அவற்றை ஒவ்வொன்றாக அலைந்துதான் தெரிந்துகொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இங்குள்ள விலைகள் தோராயமானவை. சட்டம் பற்றிய பகுதி அலாஸ்காவுக்கும் அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்துக்கும் உரியது.

1. முதலில் உங்கள் விசாவைப் பாருங்கள்

அலாஸ்காவில் துப்பாக்கி வாங்க மாநில உரிமம் தேவையில்லை. 21 வயது நிறைந்தவர், சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ளவராக இருந்தால், 2003 முதல் அதை மறைத்து எடுத்துச் செல்லவும் அனுமதி பெற வேண்டியதில்லை. ஊரில் ஆட்சியர் அலுவலகம் வரை போக வேண்டிய காரியம் இங்கே இவ்வளவு எளிதா என்று தோன்றும். ஆனால் ‘தகுதியுள்ளவர்’ என்ற சொல்லில்தான் நம்மில் பெரும்பாலோர் தடுக்கப்படுகிறோம்.

எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, பி-2 போன்ற தற்காலிக விசாக்களில் உள்ளே அனுமதிக்கப்பட்டவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் தடை செய்கிறது. வாங்குவது மட்டுமன்றிக் கையில் வைத்திருப்பதே குற்றம். இதற்குச் சில விலக்குகள் உண்டு. அவற்றில் நமக்குப் பொருந்தக்கூடியது, அமெரிக்காவில் சட்டப்படி வழங்கப்பட்டு இன்னும் காலாவதியாகாத வேட்டை உரிமத்தைக் கையில் வைத்திருப்பது. உரிமம் காலாவதியாகும் நாளில் விலக்கும் முடிந்துபோகும். துப்பாக்கி மட்டும் வீட்டில் இருக்கும், அதை வைத்திருக்கும் உரிமை இருக்காது. துப்பாக்கி தொடர்பான குற்றம் நாடு கடத்தலுக்கே காரணமாக முடியும் என்பதால், இந்த விலக்கை நம்பி வாங்க நினைப்பவர்கள் குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். என் சொந்தக் கருத்தைச் சொல்வதானால், தற்காலிக விசாவில் இருக்கும் வரை கரடி ஸ்பிரேயோடு (கரடியை விரட்ட அடிக்கும் காரமான மிளகு ஸ்பிரே) நிறுத்திக்கொள்வதே நல்லது. கிரீன் கார்டு பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை. கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துவிட்டு எச்-1பியிலேயே காத்திருப்பவர்களுக்குத் தடை தொடர்கிறது.

இன்னொரு பொறி கஞ்சா. அலாஸ்காவில் மாநிலச் சட்டப்படி அது கடையிலேயே விற்கப்படுகிறது. ஆனால் கூட்டரசுச் சட்டம் அதைத் தடைசெய்யப்பட்ட பொருளாகவே கருதுகிறது. அதைப் பயன்படுத்துபவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற எச்சரிக்கையை, துப்பாக்கி வாங்கும்போது கடையில் நிரப்பும் படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.

2. கரடி ஸ்பிரேயை வாங்கிய பிறகு துப்பாக்கியைப் பற்றி யோசியுங்கள்

இதைச் சொல்வதற்கு வலுவான காரணம் உண்டு. கரடி ஆய்வாளர்களான டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ ஆகியோரின் குழு அலாஸ்காவில் நடந்த கரடிச் சம்பவங்களைத் தொகுத்து இரண்டு ஆய்வுகளை வெளியிட்டது. 2008இல் வந்த முதல் ஆய்வு, ஸ்பிரே பயன்படுத்தப்பட்ட 83 சம்பவங்களைப் பார்த்தது. பழுப்புக் கரடிகளிடம் 92 விழுக்காடும் கருங்கரடிகளிடம் 90 விழுக்காடும் ஸ்பிரே பலன் தந்திருந்தது. நெருங்கிய எதிர்கொள்ளல்களில் ஸ்பிரே வைத்திருந்தவர்களில் 98 விழுக்காட்டினர் காயமின்றித் தப்பியிருந்தார்கள். 2012இல் வந்த இரண்டாவது ஆய்வு, துப்பாக்கி இருந்த 269 சம்பவங்களைப் பார்த்தது. அதில் கைத்துப்பாக்கி 84 விழுக்காடும் ரைஃபிள் போன்ற நீள்துப்பாக்கி 76 விழுக்காடும் பலன் தந்திருந்தன. இரண்டு ஆய்வுகளின் சம்பவங்களும் ஒரே விதத்தில் தொகுக்கப்பட்டவை அல்ல; பாயும் கரடியும் சும்மா சுற்றிவரும் கரடியும் அவற்றில் கலந்திருக்கின்றன. ஆகவே இந்த எண்களை நேருக்கு நேர் நிறுத்தித் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் துப்பாக்கி கையில் இருந்தால் போதும் என்ற நம்பிக்கைக்கு அவற்றில் இடமில்லை.

வாங்கும்போது டப்பாவில் ‘கரடி’ என்று தெளிவாக அச்சிட்டிருக்கிறதா, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். மனிதர்களுக்கு எதிராகக் கைப்பையில் வைத்துக்கொள்ளும் சிறிய மிளகு ஸ்பிரே இதற்கு உதவாது. கரடி ஸ்பிரேயில் குறைந்தது 225 கிராம் மருந்து இருக்கும்; ஏழெட்டு மீட்டருக்குக் குறையாமல் பாயும். விலை நாற்பது, ஐம்பது டாலர். மூன்று அல்லது நான்கு ஆண்டுகளில் காலாவதியாகிவிடும். தேதி டப்பாவின் அடியிலோ பக்கத்திலோ இருக்கும். விமானத்தில் கைப்பையிலும் சரி, சரக்குப் பெட்டியிலும் சரி, இதைக் கொண்டுபோகக் கூடாது. போய் இறங்கும் ஊரில்தான் வாங்க வேண்டும்.

3. ஆவணங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். நீங்கள் வசிக்கும் மாநிலத்தில்தான் வாங்க முடியும். சியாட்டிலில் வசித்துக்கொண்டு அலாஸ்காவுக்கு விடுமுறைக்கு வருபவர், ஆங்கரேஜ் கடையில் கைத்துப்பாக்கி வாங்கி அங்கேயே எடுத்துக்கொண்டு போக முடியாது. கடையில் நிரப்ப வேண்டியது 4473 எண்ணுள்ள படிவம். அதற்கு முன் கீழ்க்கண்டவற்றைச் சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, புகைப்படமும் தற்போதைய வீட்டு முகவரியும் உள்ள அரசு அடையாள அட்டை. இங்கே பலருக்கு வீட்டு வாசலில் தபால் வருவதில்லை. அதனால் ஓட்டுநர் உரிமத்தில் தபால் பெட்டி எண்ணே அச்சாகியிருக்கும். அதை மட்டும் காட்டினால் ஏற்க மாட்டார்கள். வீட்டு முகவரி உள்ள வாகனப் பதிவுச் சான்று போன்ற இன்னொரு அரசு ஆவணத்தையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். வீடு மாறியிருந்தால் முதலில் உரிமத்தில் முகவரியை மாற்றிவிட்டுக் கடைக்குப் போங்கள்.

இரண்டாவது, கிரீன் கார்டு. அதிலுள்ள எண்ணைப் படிவத்தில் எழுத வேண்டும். வேட்டை உரிம விலக்கில் வாங்குபவர் அந்த உரிமத்தின் மூலப் பிரதியைக் காட்ட வேண்டும்.

மூன்றாவது, பெயர். தமிழர்களுக்கே உரிய சிக்கல் இது. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருந்ததால் விசாவில் ‘எஃப்என்யூ’ (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகி, அது ஓட்டுநர் உரிமத்துக்கும் தாவி, கிரீன் கார்டில் தந்தை பெயர் கடைசியில் சேர்ந்து, ஒரே ஆளுக்கு மூன்று விதமான பெயர்கள் இருப்பதை நம் வட்டத்தில் அடிக்கடி பார்க்கலாம். துப்பாக்கி வாங்கும் முன் உரிமத்தையும் கிரீன் கார்டையும் ஒரே பெயருக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

படிவம் முடிந்ததும் கடைக்காரர் எஃப்பிஐயின் பின்னணிச் சோதனைக்கு அனுப்புவார். ‘தொடரலாம்’, ‘தாமதம்’, ‘மறுப்பு’ என்ற மூன்றில் ஒன்று பதிலாக வரும். பெரும்பாலோருக்குச் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. எனக்குத் ‘தாமதம்’ என்று வந்தது. இது மறுப்பு அல்ல, பதற வேண்டாம். மூன்று வேலை நாட்களுக்குள் வேறு பதில் வராவிட்டால், 21 வயது கடந்தவருக்குத் துப்பாக்கியைக் கொடுக்கக் கூட்டரசுச் சட்டம் கடைக்காரரை அனுமதிக்கிறது. ஆனால் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. ஒவ்வொரு முறையும் தாமதமானால், எஃப்பிஐயிடம் கைரேகையோடு விண்ணப்பித்துத் தனி அடையாள எண் ஒன்றைப் பெறலாம். அடுத்த முறை அதைப் படிவத்தில் எழுதினால் பெயர்க் குழப்பம் வராது. இதற்கு எஃப்பிஐ கட்டணம் வாங்குவதில்லை.

நண்பருக்காக உங்கள் பெயரில் வாங்கிக் கொடுக்காதீர்கள். அவர் பணம் கொடுத்தாலும், நல்ல எண்ணத்தோடு செய்தாலும், அது கூட்டரசுக் குற்றம்.

4. ரிவால்வரா, பிஸ்டலா

ஓடிவரும் பழுப்புக் கரடியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர். அதாவது நொடிக்கு 15 மீட்டர். முப்பது மீட்டர் தூரத்தில் புதரிலிருந்து வெளிப்பட்டால் உங்களுக்கு இரண்டு நொடிகள்தான் இருக்கின்றன. அந்த இரண்டு நொடிகளில் உறையிலிருந்து எடுத்து, நடுங்கும் கைகளால் குறிபார்த்து, ஒன்றுக்கு மேற்பட்ட முறை சுட முடிகிற துப்பாக்கியே உங்களுக்கு ஏற்றது. கடையில் அடுக்கியிருக்கும் ஒவ்வொன்றையும் இந்த அளவுகோலால்தான் பார்க்க வேண்டும்.

அலாஸ்காவில் நெடுங்காலமாகப் பலரும் வைத்திருப்பது .44 மேக்னம் ரிவால்வர், அதாவது சுழலும் உருளையில் தோட்டாக்களை வைக்கும் துப்பாக்கி (.44 என்பது அங்குலத்தில் தோட்டாவின் பருமன்); ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 629, ரூகர் ரெட்ஹாக் ஆகியவை இதில் பெயர் பெற்றவை. இவற்றின் தோட்டா கனமானது, ஆழமாகத் துளைக்கக்கூடியது. கரடி மேலே விழுந்து, குழல் அதன் உடலோடு ஒட்டிக் கிடந்தாலும் ரிவால்வர் சுடும். ஆனால் ஆறு தோட்டாக்களோடு முடிந்துவிடும். துப்பாக்கியே ஒரு கிலோவைத் தாண்டும். முதல் வெடிப்பில் குழல் நெற்றி வரை எழும்பிவிடுவதால், பழகாதவருக்கு இரண்டாவது குறி எங்கோ போய்விடும். எடையைக் குறைக்க நினைத்து மிக இலேசான ரிவால்வரை வாங்குவதில் இன்னொரு ஆபத்து உண்டு. அதன் உதைப்பில், இன்னும் சுடப்படாத தோட்டாக்களின் ஈயமுனை கூட்டிலிருந்து முன்னால் நழுவி, உருளை சுற்றாமல் சிக்கிக்கொள்ளும்.

அண்மை ஆண்டுகளில் பலரும் நாடுவது 10 எம்எம் பிஸ்டல் (பிடிக்குள் செருகும் மேகசின் என்ற பெட்டியிலிருந்து தோட்டா தானே ஏறும் வகை), குறிப்பாகக் கிளாக் 20. மேகசினில் 15 தோட்டாக்கள் கொள்ளும். வெறும் எடை முக்கால் கிலோவை ஒட்டியிருக்கும். கிரீன்லாந்தில் பனிக்கரடிகளுக்கிடையே ரோந்து போகும் டென்மார்க் இராணுவத்தின் சிரியஸ் நாய்வண்டிப் பிரிவும் இதைத்தான் வைத்திருக்கிறது. கனமான .44 தோட்டாவோடு ஒப்பிட்டால் இதன் ஆற்றல் குறைவுதான். ஆனால் உதைப்பும் குறைவு என்பதால் பெரும்பாலோருக்கு இரண்டாவது, மூன்றாவது குறிகள் இலக்கிலேயே விழுகின்றன. இதற்கும் குறைகள் உண்டு. மணிக்கட்டைத் தளர்த்திப் பிடித்தால் அடுத்த தோட்டா சரியாக ஏறாமல் சிக்கும். முனையை எதன் மீதாவது அழுத்தினால் மேல்தகடு பின்னால் நகர்ந்து சுடாமல் போகலாம்.

முன்பு துப்பாக்கி பழகாத ஒருவருக்கு நான் சொல்வது 10 எம்எம் தான். கை சிறியதாக இருந்தால் அதுவும் பொருந்தாமல் போகலாம், ஏனெனில் கிளாக் 20இன் பிடி தடிமனானது. அப்போது .357 மேக்னம் ரிவால்வரைப் பாருங்கள். .454, .500 போன்ற பெரியவற்றைக் கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும், புதியவர் அவற்றின் பக்கம் போக வேண்டாம். எதை வாங்குவதானாலும் வாடகைக்குத் துப்பாக்கி தரும் சுடுதளத்தில் அதே வகையைச் சுட்டுப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

5. தோட்டாவில் கவனம் தேவை

கடைகளில் தற்காப்புத் தோட்டா என்று விற்பது பெரும்பாலும் முனையில் குழிவுள்ளது. மனித உடலுக்குள் போய் விரிந்து நின்றுவிடுவதற்காகச் செய்யப்பட்டது அது. கரடிக்கு அடர்ந்த மயிர், கொழுப்பு, தடித்த தசை, கனத்த எலும்பு எல்லாவற்றையும் கடந்து உள்ளே போக வேண்டும். ஆகவே விரியாத, தட்டை முனையுள்ள, கெட்டியாக வார்த்த ஈயத் தோட்டாவைக் கேளுங்கள். 10 எம்எம்மில் 200 அல்லது 220 கிரெயின் (தோட்டாவின் எடையைச் சொல்லும் அலகு) எடையும், .44இல் 240 முதல் 305 கிரெயின் வரையும் வழக்கம். இருபது தோட்டாக்கள் கொண்ட பெட்டி முப்பது முதல் ஐம்பது டாலர் வரை ஆகும். கிளாக் நிறுவனம் தன் குழல்களில் உறையற்ற ஈயத் தோட்டாக்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்கிறது. குழலில் ஈயம் படியும் என்பதே காரணம். அதனால் சிலர் வேறு நிறுவனத்தின் குழலை மாற்றிப் போடுகிறார்கள். சிலர் செம்பால் செய்த துளைக்கும் வகைத் தோட்டாக்களை வாங்குகிறார்கள். எதுவானாலும், காட்டுக்கு எடுத்துப்போகும் அதே தோட்டாவில் ஒன்றிரண்டு பெட்டிகளைச் சுடுதளத்தில் சுட்டு, ஒன்றுகூடச் சிக்காமல் ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட வேண்டும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

6. உறை நெஞ்சில் இருக்கட்டும்

இடுப்பு உறை கடையில் மாட்டிப் பார்க்கும்போது நன்றாகவே இருக்கும். முதுகுப்பையை மாட்டி அதன் இடுப்புப் பட்டையை இறுக்கினால்தான் தெரியும், பட்டை சரியாகத் துப்பாக்கியின் பிடிமேல் வந்து உட்காருகிறது என்பது. பைக்குள் வைத்தால் இரண்டு நொடியில் எடுக்க வழியே இல்லை. ஆகவே விலாவைச் சுற்றி மாட்டி, நெஞ்சின் குறுக்கே துப்பாக்கி சாய்ந்து நிற்கும் உறையை வாங்குங்கள். மீன் பிடிக்க ஆற்றில் இடுப்பளவு நீரில் நிற்கும்போதும் அது நனையாது. உங்கள் துப்பாக்கி மாடலுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். விசை முழுவதும் மூடியிருக்க வேண்டும். விலை 100 முதல் 250 டாலர் வரை. சில நிறுவனங்கள் பதிவு செய்த பிறகுதான் செய்து அனுப்புவதால் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். ஸ்பிரேக்கு எதிர்ப்பக்கத்தில் தனி உறை வையுங்கள்.

7. செலவும் காலமும்

கிளாக் 20 அறுநூறு எழுநூறு டாலருக்குக் கிடைக்கும். 629 ரிவால்வர் ஆயிரம் டாலருக்குக் குறையாது. இதோடு உறை, பயிற்சித் தோட்டாக்கள், காதுமூடி, கண்ணாடி, பூட்டுப் பெட்டி, தொடக்கப் பயிற்சி வகுப்பு எல்லாம் சேர்ந்தால், துப்பாக்கிக்குக் கொடுத்த அளவு பணம் மறுபடியும் செலவாகும். மொத்தம் ஆயிரத்தைந்நூறு டாலர் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். அந்தப் பணம் துப்பாக்கிக்கு மட்டும் போதும், பயிற்சிக்குப் போதாது என்றால், நாற்பது டாலர் ஸ்பிரே உங்களை இதைவிட நன்றாகக் காக்கும்.

கரடிகள் ஏப்ரல் வாக்கில் குகையை விட்டு வெளியே வரத் தொடங்கும். சால்மன் ஏறும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ஆற்றோரங்களில் கூடும். மே மாதம் கடைக்குப் போய் ஜூனில் மலையேறலாம் என்ற திட்டம் சரிவராது. ஆவணத் திருத்தத்தை டிசம்பரிலும், துப்பாக்கி வாங்குவதைப் பிப்ரவரிக்குள்ளும் முடித்துவிட்டால், வசந்தம் முழுவதும் பயிற்சிக்குக் கிடைக்கும்.

8. பயிற்சி

ஆங்கரேஜில் மாநில மீன், வனவிலங்குத் துறையே ராபிட் கிரீக்கில் சுடுதளம் நடத்துகிறது. ஃபேர்பேங்க்ஸிலும் ஜூனோவிலும் துறையின் தளங்கள் உண்டு. அங்கே காகித இலக்கின் நடுப்புள்ளியைத் துளைக்க மெல்ல மெல்லக் குறிபார்ப்பது நமக்குத் தேவையான பயிற்சி அல்ல. ஐந்து முதல் பத்து மீட்டர் தூரத்தில், தளத்தின் விதிகள் அனுமதித்தால் உறையிலிருந்து எடுத்து, இரண்டு மூன்று முறை விரைந்து சுடப் பழகுங்கள். வீட்டில், உண்மையான தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, மழைச்சட்டை, கையுறை, முதுகுப்பை எல்லாம் மாட்டிக்கொண்டு போலித் தோட்டாவோடு எடுத்துப் பாருங்கள். கையுறை விரல் விசைக்குள் நுழைகிறதா, சட்டையின் கழுத்துவார் பிடியில் சிக்குகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும். மாதம் ஒரு முறையாவது தளத்துக்குப் போக முடியாதவர் துப்பாக்கி வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். பதற்றத்தில் தவறும் குறி, கரடியை விட்டுவிட்டு உடன் வந்தவரைத் தாக்கும்.

9. வீட்டில், விமானத்தில், எல்லையில்

கடையிலிருந்து கைத்துப்பாக்கியோடு ஒரு பூட்டும் தருவார்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் அது போதாது. தனிப் பூட்டுப் பெட்டி வேண்டும். ஊரிலிருந்து அப்பா அம்மா பி-2 விசாவில் வந்து தங்கும் மாதங்களில் சாவியும் எண்ணும் உங்களிடம் மட்டுமே இருக்கட்டும். எச்-1பியில் உள்ள அறைத்தோழருக்கும் இதுவே பொருந்தும். ஆசையாக அவர்களைச் சுடுதளத்துக்கு அழைத்துப் போய் ஒரு முறை சுடச் சொல்வதும் கூடாது. அந்தச் சில நிமிடங்கள் கையில் வைத்திருப்பதே அவர்களுக்குக் குற்றமாகிவிடும்.

விமானத்தில் தோட்டா நீக்கிய துப்பாக்கியைப் பூட்டிய கெட்டிப் பெட்டியில் வைத்து, சரக்காக மட்டுமே அனுப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் பயணப் பதிவு மேசையில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கைப்பையின் மூலையில் மறந்து கிடக்கும் ஒரு தோட்டாகூடச் சோதனைச் சாவடியில் உங்களை நிறுத்திவிடும்.

சாலை வழியாக அலாஸ்காவுக்கு வருபவர்கள் கனடாவைக் கடக்க வேண்டும். கரடிக்காக என்று சொல்லிக் கைத்துப்பாக்கியை அந்த எல்லைக்குள் கொண்டுபோக முடியாது. மறைத்துக் கொண்டுபோனால் கைதும் பறிமுதலும் நிச்சயம். விலங்குக்கென்று அச்சிட்ட கரடி ஸ்பிரேக்குத் தடையில்லை.

டெனாலி போன்ற தேசியப் பூங்காக்களில் 2010 பிப்ரவரி முதல், மாநிலச் சட்டப்படி தகுதியுள்ளவர் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் பார்வையாளர் மையம் போன்ற கூட்டரசுக் கட்டடங்களுக்குள் அதைக் கொண்டுபோகக் கூடாது. வாசலில் பலகை இருக்கும். அலாஸ்காவில் எங்கே காவலர் உங்களை நிறுத்திப் பேசினாலும், மறைத்து வைத்திருக்கும் துப்பாக்கியைப் பற்றி உடனே சொல்லிவிட வேண்டும், இது சட்டம்.

10. சுட நேர்ந்துவிட்டால்

உயிரையும் உடைமையையும் காக்கக் கரடியைக் கொல்ல அலாஸ்காவின் விதிகள் இடம் தருகின்றன. அதற்கு நிபந்தனைகளும் உண்டு. கரடியை நீங்கள் சீண்டியிருக்கக் கூடாது. உணவையோ குப்பையையோ கவனமின்றி வெளியே போட்டு அதை வரவழைத்திருக்கக் கூடாது. வேறு வழி இருந்திருக்கவும் கூடாது. கூடாரத்துக்கு வெளியே திறந்து வைத்த சாம்பார்ப் பாத்திரத்தைத் தேடி வந்த கரடியைச் சுட்டுவிட்டு இந்த விதியை நாட முடியாது.

கொன்றபின் அது அரசின் சொத்து. நகங்களோடு சேர்த்துத் தோலை உரித்து, மண்டையோட்டையும் எடுத்து, மீன் வனவிலங்குத் துறையிடம் ஒப்படைப்பது சுட்டவரின் கடமை. பெரிய பழுப்புக் கரடியின் ஈரத்தோல் ஒருவர் தனியாகத் தூக்கிவரக்கூடிய எடை அல்ல. அருகில் வேறு கரடிகளும் இருக்கலாம். அதனால் முதலில் பாதுகாப்பான இடத்துக்கு விலகி, துறையையோ வனவிலங்குக் காவலரையோ உடனே அழைத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு நடங்கள். எழுத்து வடிவ அறிக்கையை 15 நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். இடம், நேரம், கரடி நின்ற தூரம், காற்று வீசிய திசை, ஸ்பிரே பயன்படுத்தினீர்களா என்பதையெல்லாம் அன்றிரவே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கரடி கிடந்த இடத்தையும் சுற்றுப்புறத்தையும் படம் எடுத்திருந்தால் அறிக்கையோடு சேர்த்துவிடுங்கள். காயத்தோடு ஓடிவிட்ட கரடியைப் பின்தொடர்ந்து போகாதீர்கள். அந்த வழியில் அடுத்து வருபவர்களுக்கு அது பேராபத்து என்பதால், செத்ததா பிழைத்ததா என்று தெரியாவிட்டாலும் உடனே தகவல் சொல்லிவிடுங்கள்.